டாக்டர் சொன்னது முழுவதும்

“டாக்டரு அவ்ளோ நேரம் பேசுனாரு. நீ ரெண்டே வார்த்த சொல்ற. முழுசாத்தான் சொல்றியா, தனம்?”

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சரோஜா அக்கா இப்படிக் கேட்டபோது நான் ஒன்பதாம் வகுப்பு. அவர் கணவருக்குக் காசநோய். டாக்டர் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலுமாக நெடுநேரம் விளக்கியதை நான், “மாத்திரைய நடுவுல நிறுத்தக் கூடாது. சரியாயிடும்” என்று சொல்லி முடித்திருந்தேன். அவர் மாத்திரையை நிறுத்தவில்லை. சரியாகவும் ஆனது. ஆனாலும் அந்தக் கேள்விக்காக ரொம்ப நாள் எனக்கு அக்காமேல் கோபம் இருந்தது. யாருக்கு எவ்வளவு சொல்லலாம் என்று எனக்குத் தெரியாதா?

பூனாவில், கோர்படி ரயில்வே காலனியில் எங்கள் வரிசை முழுக்கத் தமிழ்க் குடும்பங்கள். பெரும்பாலும் திருவண்ணாமலைப் பக்கம். அப்பா யார்டில் கலாசி. ரயில் பெட்டிகளின் சக்கரத்தையும் பிரேக்கையும் கழற்றி மாட்டுகிற வேலை. அம்மா ராணுவ அதிகாரிகள் வீடுகளில் சமையல். இருவருக்கும் எழுத்து தெரியாது. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான்தான். கல்லூரியும் முடித்தேன். அதனால் ஆறாம் வகுப்பிலிருந்தே அந்த வரிசையில் யார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நானும் கூடப் போவேன். டாக்டர் என்னைப் பார்த்துப் பேசுவார். நான் அவர்களைப் பார்த்துப் பேசுவேன். எனக்கு அதில் பெருமை உண்டு. இப்போதும் உண்டு.

எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அப்பா. அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருந்தது. ரத்தம் ரொம்பக் குறைவாக இருக்கிறது, ஆபத்து இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அப்பா வராந்தாச் சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு, “உங்கம்மாகிட்ட சின்ன ஆபரேஷன்னு சொல்லு” என்றார். நான் போய்ச் சொன்னேன். அம்மா சிரித்த முகமாகவே உள்ளே போனாள், நல்லபடியாக வந்தாள். அதற்குப் பிறகு எனக்கும் அப்பாவுக்கும் இடையில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. பெரியதைச் சின்னது என்று சொல்வது.

2009ஆம் ஆண்டு கோடையில் பன்றிக் காய்ச்சலைப் பற்றி முதலில் டிவியில்தான் பார்த்தோம். எங்கோ மெக்சிகோவில் ஆரம்பித்தது என்றார்கள். பிறகு நம் நாட்டு விமான நிலையங்களில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை வரிசையில் நிறுத்திக் காய்ச்சல் பார்ப்பதைக் காட்டினார்கள். அம்மா, “ஏரோப்ளேன்ல போறவங்களுக்குத்தான வருது, நமக்கு இன்னா” என்றாள். மழைக்காலம் வந்தபோது அது ஏரோப்ளேனை விட்டு இறங்கிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் வந்துவிட்டது. நாட்டிலேயே அந்த நோயில் முதல் சாவு எங்கள் பூனாவில்தான், ஒரு பள்ளி மாணவி. அடுத்த சில நாட்களில் பள்ளிக்கூடங்களையும் சினிமா தியேட்டர்களையும் மூடிவிட்டார்கள். மருந்துக் கடைகளில் முகமூடி தீர்ந்துபோனது. ஜனங்கள் கைக்குட்டையில் கற்பூரமும் ஏலக்காயும் முடிந்து மூக்கருகே பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

நான் பிம்ப்ரியில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். தினமும் ஸ்கூட்டரில் போய்வருவேன். பூனாப் பெண்கள் வண்டி ஓட்டும்போது கண் மட்டும் தெரிய முகத்தைச் சுற்றித் துணி கட்டுவது வழக்கம், புகைக்கும் தூசிக்கும்தான். அந்தத் துணி என்னைக் காப்பாற்றும் என்று நம்பினேன். ஆபீஸில் எல்லோரும் முகமூடிக்கு அலைந்தபோது எனக்கு அந்தக் கவலையே இல்லை. ஒரே துணியை நாள் முழுக்க மேஜைமேல் போட்டுவிட்டு, சாயங்காலம் மறுபடி முகத்தில் கட்டிக்கொண்டு வருவேன்.

காய்ச்சல் வந்த அன்று அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

“நீதான் தெனமும் கொள்ளைக்காரி மாதிரி மூஞ்ச மூடிக்கினு போறியே. உனக்கு எப்டி வரும்?”

“வராதும்மா. மழையில நனைஞ்சேன், அதான்.”

அது மழைக் காய்ச்சல் இல்லை என்று உடம்புக்குத் தெரிந்தது. எலும்புகளை யாரோ உள்ளிருந்து முறுக்குவதுபோல வலி. இருமினால் விலாவில் பிடித்துக்கொள்ளும். அப்பாவே என்னை ஆட்டோவில் மாநகராட்சியின் காய்ச்சல் சோதனை மையத்துக்குக் கூட்டிப் போனார். வரிசை கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு தெருவரை நின்றது. யாராவது தும்மினால் முன்னாலும் பின்னாலும் நிற்பவர்கள் ஒதுங்குவார்கள். என்னைப் பார்த்தும் ஒதுங்கினார்கள். அப்பா மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சோதனை என்பது ஒரு நீளமான பஞ்சுக் குச்சியைத் தொண்டைக்குள் விட்டுத் துடைத்து எடுப்பது. குமட்டும், வலிக்காது. அதை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். முடிவு வரும்வரை வீட்டிலேயே தனியாக இருக்கச் சொன்னார்கள். ஒரே அறையும் சமையல் மேடையும் உள்ள குவார்ட்டர்ஸில் தனியாக எங்கே இருப்பது? அப்பாவும் அம்மாவும் தாழ்வாரத்தில் படுத்தார்கள். அம்மா கஞ்சியைக் கதவருகே வைத்துவிட்டு, “எடுத்துக்கினியா?” என்று குரல் கொடுப்பாள்.

முடிவு வருமுன்பே மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியவள்போல, படுத்த இடத்திலேயே மூச்சிரைத்தேன். அம்மா கதவைத் திறந்து உள்ளே வந்துவிட்டாள். நகத்தைப் பார்த்து, “ஏன் இப்டி நீலமாக் கீது?” என்றாள். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அரசு மருத்துவமனையில் அந்த நோய்க்கென்று தனியாகப் பிரித்த வார்டு. விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். ரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்பதை அது தோலுக்கு வெளியிலிருந்தே காட்டும். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டியது, எனக்கு எண்பதுகளில் தடுமாறியது. எக்ஸ்ரேயில் நுரையீரல் கருப்பாகத் தெரிய வேண்டும். கருப்பு என்றால் காற்று. என் படத்தில் கீழ்ப்பாதி முழுக்க வெள்ளை. ‘ஒசெல்டாமிவிர்’ என்கிற மாத்திரையைக் கொடுத்தார்கள். கிருமி மேலும் பெருகாமல் தடுக்கிற மருந்து அது. சீக்கிரம் சாப்பிட்டால்தான் முழுப் பயன். நான் மழைக் காய்ச்சல் என்று வீட்டில் படுத்துக் கிடந்ததில் கொஞ்சம் தாமதமாகியிருந்தது.

எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும். என் கட்டிலின் காலடியில் மாட்டியிருந்த அட்டையையும் படித்தேன். படிக்காதவளாக இருந்திருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

வார்டில் எல்லோரும் தலை முதல் கால்வரை மூடியிருந்தார்கள். முகம் தெரியாது, கண் மட்டும்தான். யார் டாக்டர், யார் துப்புரவு செய்கிறவர் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். லீலா சிஸ்டரை மட்டும் மலையாளம் கலந்த பேச்சால் எனக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. கேரளாவிலிருந்து வந்து பல வருஷமாகப் பூனாவில் வேலை செய்கிறவர். நான் இருமிக்கொண்டே “அம்மா” என்றதைக் கேட்டுவிட்டு, “தமிழோ?” என்று பக்கத்தில் வந்தார். அம்மா அனுப்பிய கைக்குட்டை முடிச்சை அவர்தான் பிரித்துப் பார்த்தார்.

“ஆக்ஸிஜன் பக்கத்தில் கற்பூரமோ? வார்டையே கொளுத்தவா உங்க அம்மாக்கு ஆசை?”

ஏலக்காயை மட்டும் என் தலையணைக்கடியில் வைத்துவிட்டுக் கற்பூரத்தை எடுத்துக்கொண்டு போனார். ஆக்ஸிஜன் முகமூடிக்குள் சிரித்தேன், இருமல் வந்துவிட்டது.

அடுத்த கட்டிலில் ஹடப்ஸர் பக்கத்து மராத்தி அம்மா ஒருவர். நான் மாவ்ஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடுவேன். கை நிறையப் பச்சை வளையல். அவர் திரும்பிப் படுக்கும்போது வளையல் சத்தம் கேட்கும். அது கேட்கும்வரை எனக்கும் ஒன்றும் ஆகாது என்று மனம் எப்படியோ ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தது. சத்தம் கொஞ்ச நேரம் நின்றால், “மாவ்ஷி” என்று கூப்பிடுவேன். அவர் கையை ஆட்டிக் காட்டுவார்.

வார்டின் கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம். சொந்தக்காரர்கள் அதற்கு வெளியேதான் நிற்க வேண்டும். அப்பா யார்டில் வேலை முடிந்து நேராக வருவார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று போன் போடுவார். நான் இந்தப் பக்கம் எடுப்பேன்.

“டாக்டரு இன்னா சொன்னாரு?”

“கொறைஞ்சிருக்குன்னாருப்பா.”

குறையவில்லை. இறுக்கிக் கட்டும் ஒரு முகமூடியை மாட்டியிருந்தார்கள். அது காற்றை வேகமாக உள்ளே தள்ளும். புயலுக்கு எதிரே வாயைத் திறந்துகொண்டு நிற்பதுபோல இருக்கும். அதிலும் விரல் கிளிப்பில் எண் ஏறவில்லை.

அன்று அப்பா வந்து நின்ற நேரத்தில் டாக்டர் அஸ்வினி என் கட்டிலுக்கு வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். ஹிந்தியில் நிதானமாகப் பேசினார், நெடுநேரம் பேசினார். எல்லாம் சொல்லிவிட்டு, “வீட்டிலிருந்து ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். உன் அப்பாவுக்கு நான் சொன்னால் புரியுமா?” என்று கேட்டார்.

அப்பாவுக்கு யார்டு ஹிந்தி தெரியும். நட்டு, போல்ட்டு, சாய், சம்பளம். அதற்கு மேல் தெரியாது.

“நான் சொல்கிறேன் டாக்டர்” என்றேன். ஆஸ்பத்திரியில் நான் எப்போதும் சொல்கிற வாக்கியம். முகமூடியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார்கள். போனில் சொன்னேன்.

“நுரையீரல்ல கொஞ்சம் சளிப்பா. சின்ன மெஷின் ஒண்ணு வப்பாங்களாம். நீ ஒரு கையெழுத்துப் போடு.”

அப்பா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்தார். மறுபடி வைத்துக்கொண்டார்.

“சின்ன மெஷினா?”

“ஆமாம்பா.”

“சின்னதுக்கு எதுக்குப் பாப்பா கையெழுத்து?”

கண்ணாடியில் அப்பாவின் கண்கள் மட்டும் தெரிந்தன. முகத்தில் கட்டியிருந்தது என் பழைய துப்பட்டா.

“உங்கம்மாவுக்கும் சின்னதுன்னுதான சொன்னோம்” என்றார். “நீ சின்னதுன்னு சொன்னா இன்னான்னு எனக்குத் தெரியாதா? கையெழுத்தும் வேணாம், மெஷினும் வேணாம். அந்த மெஷின் வச்சவங்க யாரும் திரும்பறதில்லன்னு வெளிய பேசிக்கிறாங்க. நான் வண்டி கூட்டியாறேன். வீட்டுக்குப் போயிடலாம். எது ஆனாலும் உங்கம்மா பக்கத்துல ஆவட்டும்.”

அந்த நோயில் எத்தனையோ நேரம் பயந்திருக்கிறேன். அந்த ஒரு நிமிஷத்தைப்போல எப்போதும் பயந்ததில்லை. கிருமியும் எக்ஸ்ரேயும் ஒரு பக்கம் இருக்க, என் அப்பாவே அன்பினால் என்னைக் கொண்டுபோய்ச் சாகவிடப் போகிறார். அதற்கான சொல்லை அவர் கையில் கொடுத்ததும் நான்தான். உண்மை அவ்வளவு மோசம் இல்லை. வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் சின்னது என்று சொன்னதால் அப்பா மனதில் அது சாவாகவே ஆகிவிட்டது.

லீலா சிஸ்டர் குனிந்து, “மோளே, டாக்டர் சொன்னது அது இல்லையே” என்றார். “நான் சொல்லட்டே அப்பாகிட்ட?”

“வேணாம் சிஸ்டர். நானே சொல்றேன்.”

“மூச்சு இல்லாமலோ?”

டாக்டரிடம் கையைக் காட்டினேன். “ஒரு வாக்கியம் ஒரு வாக்கியமாக. முதலிலிருந்து.”

அவர் புரிந்துகொண்டார். போனை ஸ்பீக்கரில் போட்டு சிஸ்டர் என் வாயருகே பிடித்தார். டாக்டர் ஒன்று சொல்வார், நிறுத்துவார். நான் அதைத் தமிழில் சொல்வேன். மூன்று வார்த்தைக்கு ஒரு மூச்சு. முகமூடியை மாட்டுவார்கள், எடுப்பார்கள்.

“ரெண்டு பக்க நுரையீரலும் கெட்டிருக்கு. நேத்தவிட இன்னைக்கு அதிகம்.”

“இந்த முகமூடி பத்தல. இழுத்து இழுத்து என் நெஞ்சுத் தசை களைச்சிருச்சு.”

“தூங்க வச்சு, தொண்டை வழியாக் குழாய் விடுவாங்க. மெஷின் எனக்குப் பதிலா மூச்சு விடும். அந்த நேரத்துல நுரையீரல் ஆறணும்.”

“இப்பவே போட்டா வாய்ப்பு இருக்கு. தள்ளிப்போட்டா கொறையும்.”

“நீ நெசமாத்தான் சொல்றியா?” அப்பாவின் குரல் உடைந்திருந்தது. “என்னக் கையெழுத்துப் போட வக்கிறதுக்குச் சொல்றியா?”

டாக்டர் கடைசி வாக்கியத்தைச் சொன்னார். சொல்லிவிட்டு என் தோளில் கையை வைத்தார். என் வாழ்க்கையில் எந்த மொழியிலிருந்தும் நான் அப்படி ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவந்ததில்லை.

“மெஷின் வச்சும் இந்த வார்டுலயே சில பேரு செத்துப் போயிருக்காங்க. நானும் செத்துப் போலாம்பா.”

அப்பா கண்ணாடி வழியாக லீலா சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் தலையை மெல்ல ஆட்டினார். ஆமாம், அதைத்தான் டாக்டர் சொன்னார்.

“அப்ப வாய்ப்பு இருக்குன்னதும் டாக்டரு சொன்னதுதானா?”

சிஸ்டர் மறுபடி தலையாட்டினார்.

“எங்க கையெழுத்து?”

ரயில்வே சம்பளப் பட்டுவாடாவுக்காக நான் கற்றுக்கொடுத்த கையெழுத்து அது. மராத்தியில் அச்சடித்த தாளில் தமிழில் தன் பெயரை எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக, எதிர்ச் சுவரில் தாளை வைத்து எழுதுவதைக் கண்ணாடி வழியாகக் கட்டிலிலிருந்து பார்த்தேன். பிறகு என் கை நரம்பில் ஊசி போட்டார்கள். மாவ்ஷியின் வளையல் சத்தம் கேட்டது. அதுதான் கடைசி.

அதன் பிறகு நடந்ததை என்னால் சொல்ல முடியாது. நான் அங்கே இல்லை. துண்டு துண்டாகச் சில இருக்கின்றன. யாரோ என் கால்களை அசைத்துப் பயிற்சி கொடுப்பது. தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல ஒரு கனவு. கைகளைக் கட்டியிருந்தார்கள், மயக்கத்தில் குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்பதற்காக. அது தெரியாமல் யாரோ என்னைக் கடத்திவிட்டார்கள் என்று நினைத்தேன்.

குழாயை எடுத்தபோது தொண்டை ரம்பத்தால் அறுத்ததுபோல இருந்தது. முதலில் பக்கத்துக் கட்டிலைத்தான் பார்த்தேன். வேறு யாரோ படுத்திருந்தார்கள். “மாவ்ஷி?” என்று வாயை அசைத்தேன், சத்தம் வரவில்லை. லீலா சிஸ்டர் என் தலையணையைச் சரிசெய்தார். மறுநாள், “நான் தாங்கிக்கிறேன், சொல்லுங்க” என்று கேட்டேன். சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது காலனியில் பிள்ளைகளை எங்கள் வாசல் பக்கம் விடவில்லை. தப்பில்லை, எல்லோருக்கும் பயம். சரோஜா அக்கா மட்டும் தினமும் படியில் ஒரு டப்பா வைத்துவிட்டுப் போனார். பருப்பு ரசம், குழைய வடித்த சோறு. ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டார்.

“இனிமே நல்லாயிடும்னு டாக்டரு சொன்னாராமே?”

“இல்லக்கா. நுரையீரல்ல தழும்பு இருக்கும்னாரு. மாடி ஏறினா மூச்சு வாங்கும். எத்தன நாளைக்குன்னு தெரியாதுன்னாரு. அடுத்த மழைக்கு ஊருக்குள்ள காய்ச்சல் திரும்பி வரலாம்னாரு.”

அக்கா டப்பாவைப் படியில் வைத்தார். “இப்பல்லாம் நீட்டிப் பேசற” என்றார்.

காய்ச்சல் திரும்பித்தான் வந்தது. பூனாவிலிருந்து மும்பைக்கும் பெங்களூருக்கும் போய், குளிர்காலத்தில் வடக்கே ஏறி, இந்த மழைக்கு மறுபடி இங்கே. இப்போது தடுப்பூசி வந்திருக்கிறது. பயம் பழகிவிட்டது, முகமூடி போட்டவரைக் கண்டு யாரும் ஒதுங்குவதில்லை. எனக்கு மட்டும் பழகவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தால் என் நகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

பிம்ப்ரி வேலையை விட்டுவிட்டேன். மருத்துவச் சமூகப் பணிப் படிப்பில் சேர்ந்தாகிவிட்டது. களப்பயிற்சிக்கு எந்த மருத்துவமனை என்று கேட்டார்கள். சொன்னேன்.

போன வாரம் அதே கதவு, அதே கண்ணாடிச் சதுரம். இந்த முறை நான் வெளிப்பக்கம் நின்றேன். பக்கத்தில் கோந்த்வாவில் கட்டட வேலை செய்யும் தர்மபுரிக்காரர் ஒருவர். உள்ளே அவர் மனைவி. வேலையிலிருந்து நேராக வந்த அவர் கையில் சிமெண்ட் காய்ந்திருந்தது. டாக்டர் வந்து ஹிந்தியில் வேகமாகப் பேச ஆரம்பித்தார். அந்த மனிதர் என் முகத்தையே பார்த்தார்.

“நல்லதா இருந்தா மட்டும் சொல்லும்மா” என்றார்.

எனக்கு மூச்சு வாங்கியது. படியேறி வந்ததாலும் இருக்கலாம். கையை உயர்த்தி டாக்டரை நிறுத்தினேன். முதலிலிருந்து, ஒரு வாக்கியம் ஒரு வாக்கியமாகச் சொல்லுங்கள் என்றேன்.